ஹோட்டல் சிப்பந்திகளும் இனாமும்

உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாப்பாட்டு விடுதிகளில் பொழுது புலருமுன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. பொள்ளாச்சியிலிருந்து பழனி செல்லும் சாலையும், சின்னாறு வழியாக மறையூருக்கும் மூணாறுக்கும் ஏறும் மலைப்பாதையும் சந்திக்கும் ஊர் இது. தைப்பூசக் காலத்திலோ, காவடி சுமந்து கால்நடையாகப் பழனிக்குச் செல்லும் கூட்டத்திற்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. இத்தனை பேருக்கும் இலை போட்டு, தண்ணீர் வைத்து, சாம்பார் வாளியுடன் நாள் முழுவதும் நின்ற காலில் நிற்கும் சிப்பந்திக்கு இனாம் கொடுப்பது முறையா, அதற்கு அவர் தகுதியுடையவர்தாமா என்ற தர்க்கம், பொதுக்கூட்டம் முடிந்து காபி அருந்தப் போகும் நம் நண்பர்களிடையே அடிக்கடி எழுகிறது. மேடையில் "தோழர்களே" என்று முழங்கியவர் ஹோட்டலில் விரலைச் சொடுக்கி "டேய்" என்று அழைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அது கிடக்க.

இனாம் கூடாதென்போர் சொல்வது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. பஸ் கண்டக்டருக்கு யாரும் இனாம் தருவதில்லை. தபால் ஆபீஸில் முத்திரை குத்துபவருக்கும் தருவதில்லை. சம்பளம் பெற்றுச் செய்யும் வேலைக்கு மேலும் எதற்காகக் காசு என்று அவர்கள் கேட்கிறார்கள். ஜமீன்தார் வீசியெறிந்த காசைக் குனிந்து பொறுக்கிய காலம் மலையேறிய பின்பும் ஒரு மனிதன் மற்றொரு மனிதன் முன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது சுயமரியாதைக்கு இழுக்கு என்றும் சொல்கிறார்கள். நன்று. ஆனால் இவ்வளவும் சொல்லிவிட்டு அவர்கள் கைகழுவி எழுந்து போய்விடுகிறார்களேயன்றி, அந்தச் சிப்பந்தி பெறும் சம்பளம் எவ்வளவு என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. வாங்குபவரின் தகுதியைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி செய்யும் நாம், கூலி கொடுக்கக் கடமைப்பட்டவரின் யோக்கியதையை ஆராயாமல் விடுவது வியப்பே.

கொங்கு நாட்டு மில் தொழிலாளிக்கு யாரும் இனாம் கொடுத்ததில்லை. அவருக்கு வேண்டியதை அவர் சங்கம் கூட்டிக் கேட்டார். கேட்டதற்காக அடியும் பட்டார். 1946 ஜனவரி 8-ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வரையும் இந்த ஜில்லா மறக்கவில்லை. ஆனால் மில்லில் ஒரு கூரையின் கீழ் ஆயிரம் பேர் கூடுகிறார்கள். ஹோட்டலிலோ எட்டுப் பேர், பத்துப் பேர். அவர்களிலும் பலர் இன்று பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பிழைக்க வந்து, கடையின் மாடியிலேயே படுத்துறங்குவோர். கோபம் வந்தால் முதலாளி சம்பளத்தோடு படுக்கையையும் பறித்துவிடலாம். இவர்கள் எந்தச் சங்கத்தைக் கூட்டுவது?

இந்த நிலையில்தான் இனாம் முதலாளிக்கு உதவியாக வந்து சேருகிறது. சம்பளம் பேசும்போதே, "மேல்வரும்படி கிடைக்குமே" என்று சொல்லி ஒரு தொகை குறைக்கப்படுவதை இத்தொழிலில் உள்ளவர் எவரும் அறிவர். வாடிக்கைக்காரர் மனமுவந்து வைத்த காசு இவ்விதமாகச் சுற்றி வந்து முதலாளியின் கல்லாவிலேயே விழுகிறது. இது சட்டத்தின் நோக்கத்துக்கும் விரோதம். ஜெய்ப்பூர் ராம்பாக் பாலஸ் ஹோட்டல் வழக்கில் 1976-ல் சுப்ரீம் கோர்ட், இனாம் என்பது நிர்வாகம் தன் பையிலிருந்து கொடுப்பதன்று, வாடிக்கைக்காரரிடம் பெற்றதைச் சிப்பந்திகளிடம் சேர்ப்பதேயாகும் என்று கூறியது. 2016-ல் ஐ.டி.சி. கம்பெனியின் வருமான வரி வழக்கிலும் இனாம் சம்பளமாகாது என்றே தீர்ப்பாயிற்று. சம்பளமல்லாத ஒன்றைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இந்த வழி முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே உள்நாட்டு யுத்தத்திற்குப் பின், அடிமைத்தளையினின்று விடுபட்ட நீக்ரோ மக்களைப் புல்மன் கம்பெனி தன் ரெயில் வண்டிகளில் ஏவலாளராக அமர்த்தியது. அற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பிரயாணிகளின் தயவுக்கு விட்டது. 1925-ல் ராண்டால்ப் என்பவர் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் போராடியே 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்துக்கு இணங்கச் செய்தனர். ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது ஒரு செண்டுகூட உயரவில்லை. சில மாகாணங்கள் மட்டும் முழுக் கூலியையே விதித்திருக்கின்றன. பரிமாறுபவரின் வீட்டு வாடகையை அந்நியர் ஒருவரின் அன்றைய மனநிலை தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை நம் நாட்டில் வேரூன்ற விடுவதா?

பெருநகர ஹோட்டல்கள் வேறொரு தந்திரம் செய்தன. "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகையைப் பில்லிலேயே சேர்த்து வசூலித்தன. இவ்விதம் தாமாகச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் விதி செய்தது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ல் அக்கோர்ட் விதியை ஆதரித்துத் தீர்ப்பளித்ததோடு, மனுச்செய்த இரு சங்கங்களையும் தலைக்கு ஒரு லட்ச ரூபாய் கட்டச் சொல்லிற்று. கட்டாயம் ஒழிந்தது நல்லதே.

உடுமலையில் இத்தகைய பகட்டு ஹோட்டல்கள் அதிகமில்லை. இங்கே பெரும்பாலும் சாப்பிட்டவர் எழுந்து வந்து கல்லாவில் பணம் கட்டுகிறார். பில்லைத் தட்டில் வைத்துச் சோம்புடன் கொண்டுவரும் கடைகளில் மட்டும் மீதிச் சில்லறையில் ஐந்தோ பத்தோ தட்டிலே தங்கும். 2016-க்குப் பின் அதுவும் மாறிற்று. தொலைபேசியைக் காட்டிச் சதுரப் படத்திற்குப் பணம் அனுப்பினால் கணக்குப் பைசா பிசகாமல் முதலாளியிடம் போய்ச் சேர்கிறது. சில்லறை என்ற பேச்சே எழுவதில்லை. சமீபத்தில் ஒரு கடையில் நடுத்தர வயதுச் சப்ளையர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். "அதெல்லாம் முன்னயோட போச்சுங்க. இப்ப எல்லாமே போன்லயே போயிருதுங்க" என்றார். சற்று நின்று, "உள்ள மாவாட்டறவருக்கு எப்பவுமே இல்லீங்களே" என்றும் சொன்னார். நமக்கு வெட்கமாயிருந்தது. அடுப்படியில் வேகும் மாஸ்டரையும், எச்சில் இலை எடுப்பவரையும் இனாம் பற்றிய நம் தர்க்கத்தில் நாம் நினைத்ததேயில்லை.

ஆகவே நாம் சொல்வது இது. இனாம் கொடுங்கள், மனமிருந்தால் தாராளமாகவே கொடுங்கள். கல்லாவில் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். உள்ளே இருப்பவர்க்கும் பங்குண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் ஐந்து ரூபாய் வைத்ததால் நம் கடன் தீர்ந்ததென்று எண்ணிவிட வேண்டாம். உணவு விடுதிகளின் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் வரையறுக்க இந்த ராஜ்யத்தில் 1958-லேயே தனிச் சட்டம் வந்தது. கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் வேண்டுமென்று 2021-ல் சட்டசபை திருத்தம் செய்தது. 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. எந்தெந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்பதை எல்லோரும் பார்க்கும்படி நிறுவனத்தில் எழுதி வைக்கவேண்டுமென்று அதன் 50-வது பிரிவு கூறுகிறது.

கொங்கு நாட்டு ஹோட்டல்களில் தோசை என்ன விலை, பரோட்டா என்ன விலை என்று சுவரில் பெரிய எழுத்தில் பலகை தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் இந்தக் கூலிப் பட்டியலும் தொங்குகிறதா என்று நம் தொண்டர்கள் ஊர் ஊராகப் பார்த்து வரட்டும். இல்லாத இடத்தில் முதலாளியை மரியாதையாகவே கேட்கலாம். அவர் செவிசாய்க்காவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு மனு எழுதக் காகிதமும் அரைமணி நேரமும் போதும்.