கடுகளவு கிரீஸ்... கம்பீரமாய்ப் பறக்கும் குட்டி விமானம்!

சைக்கிள் செயின் 'கிறீச் கிறீச்' என்று கத்தினால் என்ன செய்வீர்கள்? எண்ணெய் விடுவீர்கள். அம்மாவின் தையல் மிஷின் இறுகிப் போனால்? அதற்கும் எண்ணெய்தான்! சரி, பாட்டரியில் பறக்கும் குட்டி விமானம் 'கரகர' என்று சத்தம் போட்டால்?

'அதற்கும் எண்ணெய் விட வேண்டியதுதானே!' என்கிறீர்களா? அவசரப்படாதீங்க குட்டீஸ். நானும் ஒரு தடவை அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் குட்டி விமானம் மேலே ஏறவே மறுத்தது. அதன் மூக்குப் பகுதியில் இருந்து கரகரவென்று சத்தம். வீட்டுக்கு வந்ததும், தையல் மிஷின் எண்ணெயை எடுத்து அந்த இடம் நனைய நனைய ஊற்றினேன். சத்தம் நின்றது. எனக்கு ஒரே குஷி! ஆனால், அடுத்த வாரம் என்ன ஆச்சு தெரியுமா? தென்னை மர உயரம் போவதற்குள் மோட்டார் விக்கி விக்கி நின்றுவிட்டது. 'தொப்'பென்று விழுந்ததில் இறக்கை முறிந்தது.

எண்ணெய் இல்லாததால் வந்த கோளாறை, எண்ணெய் ஊற்றியே பெரிதாக்கி விட்டேன்! எங்கே தப்பு நடந்தது? அதைக் கண்டுபிடிக்க, விமானத்தின் மூக்குக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

மூக்குக்குள் என்ன இருக்கு?

மூக்கில் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். சின்ன மோட்டாருக்கு வேகம் அதிகம், பலம் குறைவு. ஆனால், விமானத்தை இழுத்துச் செல்லும் புரொப்பெல்லர் என்ற விசிறி பெரிதாக இருந்து, நிதானமாகச் சுற்றினால்தான் நிறையக் காற்றைப் பின்னால் தள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசி வைப்பதுதான் கியர் பாக்ஸ்!

மோட்டாரின் தண்டில் 10 பற்கள் உள்ள குட்டிச் சக்கரம். விசிறியின் தண்டில் 50 பற்கள் உள்ள பெரிய சக்கரம். குட்டிச் சக்கரம் 5 முறை சுற்றினால், பெரியது 1 முறை சுற்றும். மோட்டார் நிமிடத்திற்கு 20,000 சுற்று சுற்றினால், விசிறி 4,000 சுற்றுதான் சுற்றும். வேகம் குறையும், திருப்பும் பலம் கூடும்.

இது புது யோசனை இல்லை. 1903ம் ஆண்டு டிசம்பர் 17ம் தேதி, அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே ரைட் சகோதரர்கள் பறந்தார்களே... அந்த விமானத்திலும் இதே தந்திரம்தான். சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் அல்லவா? இன்ஜினையும் விசிறிகளையும் செயினால் இணைத்தார்கள். இன்ஜின் 23 சுற்று சுற்றினால், விசிறி 8 சுற்று சுற்றும்!

2 லட்சம் உரசல்!

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மோட்டார் நிமிடத்திற்கு 20,000 சுற்று. விமானம் 10 நிமிடம் பறக்கிறது. அதற்குள் குட்டிச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தை எத்தனை தடவை உரசும்? 2 லட்சம் தடவை!

பற்கள் பார்ப்பதற்கு வழவழப்பாகத்தான் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும். மேடும் மேடும் இடிக்கும்போது உராய்வு உண்டாகும். உராய்வால் சூடு ஏறும், பற்கள் தேயும், பாட்டரியின் சக்தியும் வீணாகும். எண்ணெயோ, கிரீஸோ இருந்தால், அது மெல்லிய படலமாகப் பரவி, இரண்டு பற்களையும் நேரடியாக இடிக்காமல் பிரித்து வைக்கும். இதைத்தான் 'மசகு' என்கிறோம்.

எண்ணெயா... கிரீஸா?

எண்ணெய் ஓடும், கிரீஸ் ஒட்டும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பெரும்பாலான கிரீஸ், எண்ணெயுடன் ஒரு வகை சோப்பைக் கலந்து செய்யப்படுகிறது. ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைப்பது போல, சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அதனால், வேகமாகச் சுற்றும் பற்களில் கிரீஸ் ஒட்டி நிற்கும். எண்ணெயை ஊற்றினால் நாலா பக்கமும் தெறித்துவிடும். எனவே, பற்களுக்கு கிரீஸ். விசிறியின் தண்டு சுழலும் பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

என் விமானம் விழுந்த காரணம் இப்போது புரிகிறதா? நான் ஊற்றிய எண்ணெய் தெறித்து, பின்னால் இருந்த மோட்டாருக்குள் போய்விட்டது. அந்த வகை மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டு போவது 'பிரஷ்' என்ற சின்னத் துண்டுகள். பிரஷ் தேய்ந்து விழுந்த தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பு விழுதாகி, மின்சாரத்தைத் தடுத்துவிட்டது!

பிளாஸ்டிக் பற்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. சில எண்ணெய்கள் சில வகை பிளாஸ்டிக்கை உப்ப வைக்கும். விரிசல் விழவும் செய்யும். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது சிலிகான் கிரீஸ். சில நைலான் பற்சக்கரங்கள் மசகே இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டிருக்கும். அதனால், விமானத்துடன் வந்த குறிப்புப் புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள்.

சமையலறைப் பக்கம் மட்டும் போகாதீர்கள்! தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்குப் பிடித்துவிடும்.

செய்து பார்ப்போமா?

அப்பா, அம்மா அல்லது அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. முதலில் பாட்டரியைக் கழற்றுங்கள். பிறகு விசிறியைக் கழற்றுங்கள். பாட்டரி மாட்டியிருக்கும்போது விரலை உள்ளே விடவே கூடாது!

2. பழைய டூத் பிரஷால் பற்களில் உள்ள மண், புல், பழைய கிரீஸ் எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது. பிளாஸ்டிக்கும் கெடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

3. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் 'டக்'கென்று இடித்தால், அங்கே பல் உடைந்திருக்கலாம். உடைந்த பல்லை எந்த கிரீஸாலும் சரி செய்ய முடியாது. சக்கரத்தை மாற்ற வேண்டியதுதான்.

4. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை விட்டுச் சுற்றிப் பாருங்கள். காகிதம் கிழியாமல், பல் தடம் பதிந்து வெளியே வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால், சக்கரங்கள் ரொம்ப இறுக்கமாக இருக்கின்றன என்று அர்த்தம்.

5. பல் குத்தும் குச்சியின் நுனியில் கடுகளவு கிரீஸ் எடுத்து, பெரிய சக்கரத்தின் பற்களில் மூன்று இடங்களில் வையுங்கள். கையால் சுற்றினால் அதுவே எல்லாப் பற்களுக்கும் பரவிவிடும். பிதுங்கி வெளியே வருவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

6. ஊசி முனையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, விசிறித் தண்டு நுழையும் இடத்தில் வையுங்கள். அவ்வளவுதான்!

விமானம் மணலில் வயிறு உரசி இறங்கியிருந்தால், அன்றைக்கே கியரைச் சுத்தம் செய்துவிடுங்கள். கிரீஸில் ஒட்டிய மணல், உப்புத்தாள் மாதிரி பற்களைத் தேய்த்துவிடும். கிரீஸ் அதிகமானால் மணலும் அதிகமாக ஒட்டும். அதனால்தான் கடுகளவே போதும் என்கிறேன்!

இன்று வரும் மாதிரி விமானங்கள் பலவற்றில் கியர் பாக்ஸே கிடையாது. பிரஷ் இல்லாத புது வகை மோட்டார்கள், விசிறியை நேரடியாகவே சுற்றிவிடும். ஆனாலும் பற்சக்கரங்கள் போய்விடவில்லை. இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கும் 'சர்வோ' என்ற குட்டிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வரிசையாகப் பற்சக்கரங்கள்! அவற்றின் மேலும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும்.

பெரிய விமானத்திலும்...

'பொம்மை விமானத்துக்கு இவ்வளவு கவனமா?' என்று தோன்றலாம். மசகு விஷயத்தில் சின்னது, பெரியது என்ற வித்தியாசமே இல்லை.

2000ம் ஆண்டு ஜனவரி 31ம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா கரைக்கு அருகே, அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடலில் விழுந்தது. அதில் இருந்த 88 பேரும் இறந்து போனார்கள். காரணத்தைத் தேடிய அதிகாரிகள், விமானத்தின் வாலில் இருந்த ஒரு பெரிய திருகைக் கண்டெடுத்தார்கள். வாலின் கிடைமட்டப் பகுதியை ஏற்றி இறக்குவது அதுதான். அந்தத் திருகு சுழலும் நட்டின் மரைகள் முழுக்கத் தேய்ந்து போயிருந்தன. போதுமான கிரீஸ் இல்லாததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஒரு தடவை கிரீஸ் போட்டு, அடுத்த தடவை போடுவதற்கான இடைவெளியை நீட்டித்ததும் தப்பு என்று அறிக்கை சொன்னது.

விமானம் பறக்க இறக்கை வேண்டும், இன்ஜின் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். யார் கண்ணிலும் படாத இடத்தில், யாரோ ஒருவர் நேரத்தோடு தடவிய கிரீஸும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

என்ன குட்டீஸ்... இந்த ஞாயிறு விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், அதன் மூக்கருகே காதை வைத்து, கியரைக் கையால் ஒரு சுற்று சுற்றிக் கேட்பீர்கள்தானே? 'கரகர' என்றால் அது உங்களிடம் கிரீஸ் கேட்கிறது. கொடுங்கள்... ஆனால், கடுகளவுதான்!