''அப்பாவுக்கு ஆபரேஷனாமே சார்?''

மத்தியானம் மூன்று மணி. ஆபீஸில் மாசக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது.

''வணக்கம் சார், பர்சனல் லோன் வேணுமா?''

வழக்கமான இம்சை! ''வேண்டாம்மா'' என்று வைக்கப் போனேன்.

''இல்ல சார்... அப்பாவுக்கு ஆபரேஷன் இருக்கே, செலவுக்கு என்ன பண்ணுவீங்க?''

தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சொல்லி முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்பாவிடமே நான் இன்னும் சொல்லவில்லை! ''யாரும்மா உனக்குச் சொன்னது?'' என்றேன். லைன் கட்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நம்ம வீட்டு ரகசியத்தை யாரோ விற்கிறான், யாரோ வாங்குகிறான். தட்டிக்கேட்க சட்டம் இருக்கிறதா? தேடிப் படித்தேன்.

விஷயம் ரொம்பப் பழசு! கம்ப்யூட்டர் ஒரு ரூமையே அடைத்துக்கொண்டிருந்த 1970-லேயே, ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் உலகின் முதல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டுவிட்டது. 1973-ல் ஸ்வீடன், நாடு முழுமைக்கும் போட்டது.

அமெரிக்கா கதைதான் தமாஷ். 1987-ல் ராபர்ட் போர்க் என்பவரை சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக்க அதிபர் ரீகன் முன்மொழிந்தார். ஒரு பத்திரிகைக்காரர் வீடியோ கடையில் புகுந்து, போர்க் குடும்பம் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் லிஸ்ட்டை வாங்கி அச்சில் போட்டுவிட்டார். ஏடாகூடமாக ஒன்றுமில்லை! ஆனால், 'நாளைக்கு நம்ம லிஸ்ட் வந்தால்?' என்று எம்.பி.க்களுக்கு வியர்த்திருக்கும் போல... மறு வருஷமே வீடியோ வாடகை ரகசியத்துக்குத் தனிச் சட்டம்! எல்லாத் தகவலுக்கும் பொதுவான ஒரே மத்தியச் சட்டம் மட்டும் அங்கே இன்னும் இல்லை. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் தாங்களே போட்டுக்கொண்டன.

ஐரோப்பாதான் கையில் பிரம்போடு நிற்கிற வாத்தியார். 2011-ல் ஆஸ்திரியாவின் சட்டக் கல்லூரி மாணவர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ், 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு' என்று ஃபேஸ்புக்கைக் கேட்டார். வந்தது 1,200 பக்கங்களுக்கு மேல்! அவர் அழித்த மெசேஜ்கள்கூட அதில் பத்திரமாக இருந்தன. 2018 மே 25-ல் அமலுக்கு வந்த ஜி.டி.பி.ஆர். சட்டம் இன்னும் கறார். தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். அபராதம், உலக வருமானத்தில் 4 சதவிகிதம் வரை போகலாம். 2023-ல் மெட்டாவுக்கு விழுந்தது 120 கோடி யூரோ!

நம்ம ஊருக்கு வருவோம். எண்பது வயதைத் தாண்டிய ரிட்டையர்டு ஹைகோர்ட் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, 2012-ல் ஆதாரை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, 'அந்தரங்கம் அடிப்படை உரிமை' என்றார்கள். 2023-ல் சட்டம் வந்தது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு!

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அந்த அபராதம் அரசாங்க கஜானாவுக்குத்தான் போகும். என் அப்பாவுக்கு நயா பைசா கிடையாது.

மறுநாள் காலை, கண்டவனும் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ''அப்பா... டாக்டர் ஒண்ணு சொன்னாரு...''

பேப்பரிலிருந்து அப்பா தலையைத் தூக்கவில்லை.

''தெரியும்டா. நேத்தே ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. 'ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுடலாமா தாத்தா?'ன்னு கேட்டுச்சு!''