உங்களுக்குத் தெரியுமா? மாஸ்டர் படிப்பித்த சாம்பியா

வெக்ஸ்போர்ட்டில் லோரன்ஸ் அவெனியூ கிழக்கில் ஓர் அரபுக் கடை. பின்பக்கத் தட்டில் நீண்ட கைபிடி வைத்த செப்புக் கோப்பிப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும். எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித மாஸ்டர் அங்கே போனால், ஒன்றைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்ப வைப்பார். “தம்பி, இந்தச் சாமான் தோண்டுற ஊரிலை நான் எட்டு வருசம் படிப்பிச்சனான்” என்று ஒருநாள் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து சாம்பியாவுக்குப் போன ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அப்படிப் போனவர்கள் பலர் பிறகு கனடாவுக்கு வந்தார்கள். ஸ்காபரோவில் அநேகமாக எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் இப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும். நாட்டைத்தான் தெரியாது. ஆகவே இந்த முறை சாம்பியா.

● 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஓர் அணி ‘வட ரொடீசியா’ என்ற பெயரில் போனது. நிறைவு விழா நடந்த ஒக்டோபர் 24ஆம் திகதியே அவர்களுடைய நாடு பிரித்தானியாவிடமிருந்து விடுதலை பெற்றது. அன்று மாலை அவர்கள் சாம்பியா என்ற புதுப் பெயரோடு நடந்தார்கள். ஒரு நாடாகப் போட்டிக்கு வந்து இன்னொரு நாடாகத் திரும்பியது ஒலிம்பிக் வரலாற்றில் அதுவே முதல் முறை.

● அந்த நாளில் சாம்பியாவில் எத்தனை பட்டதாரிகள் இருந்தார்கள்? நாடு முழுவதற்கும் ஏறத்தாழ நூறு பேர். வெள்ளையர் ஆட்சிக்குச் சுரங்கத்தில் இறங்க ஆள் வேண்டியிருந்தது, படித்த ஆள் வேண்டியிருக்கவில்லை. சாம்பியாப் பல்கலைக்கழகமே 1966இல்தான் திறந்தது. ஊரூராகப் பள்ளிக்கூடங்கள் எழும்பியபோது கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆளில்லை. ஆட்சிமொழி ஆங்கிலம் என்பதால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். இலங்கையில் படித்த தமிழருக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஒரு நாட்டின் தேவையும் இன்னொரு நாட்டின் அநியாயமும் சேர்ந்துதான் எங்கள் ஆட்களை லுசாக்காவிலும் கிட்வேயிலும் கொண்டுபோய் விட்டன.

● பரப்பளவு 752,618 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போலப் பதினொரு மடங்குக்கு மேல், ஆனாலும் எங்கள் ஒன்ராறியோவுக்குள் அடங்கிவிடும். சனத்தொகை 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ இரண்டு கோடி. நிலத்தில் பெரும்பகுதி ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மேட்டுநிலம் என்பதால் வெப்ப வலயத்தில் இருந்தும் வெயில் கொளுத்தாது. யூன், யூலை மாதங்களில் காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வகுப்புக்குப் போகமுடியாது என்பார் மாஸ்டர்.

● உலகப் படத்தில் சாம்பியாவைப் பாருங்கள், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். நடுவில் கொங்கோ நாட்டின் ஒரு நாக்கு உள்ளே நீண்டு வந்து நாட்டை இரண்டாகப் பிளக்கப் பார்க்கிறது. பிரித்தானியரும் பெல்ஜிய மன்னரும் போட்ட கோடு அது. செப்புப் பிரதேசத்திலிருந்து சொந்த நாட்டின் லுவாபுலா மாகாணத்துக்குக் குறுக்கு வழியில் போகவேண்டுமானால் இன்றைக்கும் எழுபது கிலோமீற்றர் அயல்நாட்டு மண்ணில் ஓடித்தான் போகவேண்டும்.

● எல்லையில் எட்டு நாடுகள்: கொங்கோ, தன்சானியா, மலாவி, மொசாம்பிக், சிம்பாப்வே, பொட்ஸ்வானா, நமீபியா, அங்கோலா. கடல் ஒரு முழம்கூட இல்லை. கடல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாடு பிறந்து ஒரு வருடம் கழிந்ததுமே சாம்பியா கண்டது. தெற்கே ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) 1965 நவம்பர் 11ஆம் திகதி இயன் சிமித்தின் சிறுபான்மை வெள்ளை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. உலகம் அதன்மீது தடை போட்டது. சாம்பியாவின் எண்ணெயும் ரயிலும் அந்த ரொடீசியா வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஒரே மாதத்தில் எரிபொருள் நின்றது.

அப்போது கை கொடுத்தவர்களில் கனடாவும் ஒன்று என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கனேடிய விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானங்கள் 1965 டிசம்பர் கடைசியிலிருந்து 1966 ஏப்ரல் வரை கொங்கோவின் லியோபோல்ட்வில் நகரிலிருந்து பீப்பாய் பீப்பாயாக எரிபொருளை வானத்தால் சுமந்தன. ஒரு நாட்டின் லொறிகளும் சுரங்க இயந்திரங்களும் விமானத்தில் வந்த பீப்பாயை நம்பி ஓடிய மாதங்கள் அவை. 1968இல் தன்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ண்டோலா நகர் வரை 1,700 கிலோமீற்றருக்கு மேல் எண்ணெய்க் குழாய் பதித்து முடித்தார்கள்.

குழாயில் எண்ணெய் வரும், செப்பு போகாது. ரயில் வேண்டும். மேற்கு நாடுகளிடம் கேட்டார்கள், இலாபம் வராது என்று கைவிரித்தன. சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து முன்வந்தது. அன்றைய சீனாவே ஏழை நாடு என்பதை மறக்கவேண்டாம். 1970இல் தொடங்கி 1975இல் தண்டவாளம் போட்டு முடித்து அடுத்த ஆண்டு கையளித்தார்கள். டார் எஸ் சலாமிலிருந்து கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதைக்குத்தான் தசாரா என்று பெயர். பிற்காலத்தில் பராமரிப்பில்லாமல் நொடிந்துபோனது. அதைப் புதுப்பிக்க 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மூன்று நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. மேற்கே அங்கோலாவின் லொபிடோ துறைமுகத்துக்குப் போகும் பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் போடுகின்றன. அன்று கேட்டும் கொடுக்காதவர்கள் இன்று கேளாமலே வருகிறார்கள். மின்சார வாகனத்துக்குச் செப்பு வேண்டும், அதுதான் காரணம்.

● கடல் இல்லாத நாட்டில் நெத்தலி உண்டா? உண்டு. பெயர் கப்பென்டா. தங்கனீக்கா ஏரியின் குட்டி மீனை 1960களில் கொண்டுவந்து கரிபா நீர்த்தேக்கத்தில் விட்டார்கள், அது பல்கிப் பெருகிவிட்டது. இரவில் விளக்கு வெளிச்சம் காட்டி வலை போட்டு, விடிந்ததும் வெயிலில் காயவைப்பார்கள். சோளமாவில் கிண்டிய நிஷிமா என்ற களிதான் சாம்பியர்களின் சோறு. கையால் பிசைந்து உருட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி வைத்து, கறியை அள்ளிச் சாப்பிடுவார்கள். பூசணி இலையை நிலக்கடலை மாவோடு சேர்த்து வதக்கிய கறியும் உண்டு. மாஸ்டர் வீட்டம்மா கப்பென்டாவை உள்ளி, செத்தல் மிளகாய் போட்டுப் பொரித்தெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். “யாழ்ப்பாணத்து நெத்தலிக்கும் அதுக்கும் வித்தியாசம் சொல்ல ஏலாது” என்றார் அந்த அம்மா.

● சாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 70 வீதம் செப்பு. ஆபிரிக்காவில் கொங்கோவுக்கு அடுத்த பெரிய உற்பத்தியாளர். கொடியில் உள்ள செம்மஞ்சள் பட்டை நிலத்தடிச் செல்வத்தைக் குறிக்கிறது. 1970களின் நடுவில் செப்பு விலை விழுந்தபோது அரிசி, மா, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் வரிசை வந்தது. ஒரே பொருளை நம்பிய பொருளாதாரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடத் தேவையில்லை. தேயிலையை நம்பியிருந்த இலங்கைக்காரருக்கு இது விளங்கும்.

● அங்கே தோண்டுகிறவர்களில் ரொறன்ரோக்காரரும் உண்டு. லும்வானா சுரங்கம் ரொறன்ரோவைத் தலைமையகமாகக் கொண்ட பாரிக் நிறுவனத்துடையது. கன்சான்ஷி சுரங்கத்தை நடத்தும் பெர்ஸ்ட் குவான்டம் ரொறன்ரோ பங்குச்சந்தையில் பதிவானது. எங்கள் ஓய்வூதிய நிதியோ முதலீட்டுக் கணக்கோ எங்கே பணம் போட்டிருக்கிறது என்று பார்த்தால் சாம்பியாவின் மண் நமக்கு அவ்வளவு தூரமில்லை.

● இதைச் சொல்லாமல் விடமுடியாது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் செம்பு ஆலையை எதிர்த்த மக்கள்மீது 2018 மே மாதம் பொலிஸார் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது. அந்த ஆலையின் உரிமையாளரான வேதாந்தா குழுமமே 2004இல் சாம்பியாவின் கொங்கோலா செப்புச் சுரங்கத்தின் பெரும்பங்கை வாங்கியது. சிங்கோலா நகருக்கு அருகே உள்ள கிராமத்தவர்கள் 1,800 பேருக்கு மேல், சுரங்கக் கழிவு தங்கள் தண்ணீரையும் தோட்டத்தையும் கெடுத்துவிட்டது என்று லண்டனில் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் அந்த வழக்கை அங்கே கேட்கக்கூடாது என்றது. கேட்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, சமரசமாக முடித்தார்கள். உலகெங்கும் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழும் ஏழைகளுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு வழி திறந்தது. தூத்துக்குடிக்காரருக்குச் சிங்கோலா தெரியவேண்டும், சிங்கோலாவுக்குத் தூத்துக்குடி தெரியவேண்டும் என்பது என் ஆசை.

அந்தப் பகுதி ஆறு இன்னும் தப்பவில்லை. 2025 பெப்ரவரியில் சீன நிறுவனம் ஒன்றின் கழிவு அணை உடைந்து அமிலக் கழிவு கஃபூ ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. கிட்வே நகரத்தின் குடிநீரையே நிறுத்தவேண்டி வந்தது.

● கரிபா அணைக்குப் பின்னால் தேங்கக்கூடிய தண்ணீர் மேட்டூர் அணையின் கொள்ளளவைப் போல அறுபது மடங்குக்கு மேல். கொள்ளளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை நீர்த்தேக்கம் அதுவே. 1955 முதல் 1959 வரை கட்டினார்கள். தொங்கா இன மக்கள் ஏறத்தாழ 57,000 பேரை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பினார்கள். பாம்பு உடலும் மீன் தலையும் கொண்ட நியாமி நியாமி என்ற தங்கள் ஆற்றுத் தெய்வம் அணையை விடாது என்று அவர்கள் நம்பினார்கள். 1957இலும் 1958இலும் வரலாறு காணாத வெள்ளம் வந்து கட்டுமானத்தை அடித்தது. அணை தாக்குப்பிடித்து நின்றது. ஆனால் 2024இல் மழை பொய்த்து நீர்மட்டம் அடியில் கிடந்தபோது, நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதிக்குத் தண்ணீரையே நம்பியிருந்ததன் விளைவு தெரிந்தது. சில இடங்களில் ஒரு நாளில் மூன்று நான்கு மணித்தியாலம்தான் மின்சாரம்.

● ஜனாதிபதிதான் நாட்டுக்கும் தலைவர், அரசுக்கும் தலைவர். ஐந்து ஆண்டுப் பதவிக்காலம், இரண்டு முறைக்கு மேல் இல்லை. 2016இலிருந்து பாதிக்கு மேல் வாக்கு எடுத்தால்தான் வெற்றி, இல்லாவிட்டால் முதலிருவருக்குள் மறுபோட்டி. பத்து மாகாணங்கள்.

● மேற்கே பாரோட்சே சமவெளியில் சாம்பேசி ஆறு பெருகும்போது லோசி மன்னரான லிட்டுங்கா வெள்ளத்தை விட்டு மேட்டுநில அரண்மனைக்குப் படகில் போவார். கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய பெரிய ஓடம், அதன் மேல் ஒரு யானை உருவம், துடுப்புப் போடும் ஆட்கள், முரசு. இந்த விழாவின் பெயர் குவோம்போக்கா, தண்ணீரிலிருந்து வெளியேறுதல் என்று பொருள். 2017 ஏப்ரலில் இந்த விழாவுக்குப் போகும் வழியில் ஜனாதிபதி எட்கர் லுங்குவின் வாகனத் தொடருக்கு வழிவிடவில்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் ஹக்கைண்டே ஹிச்சிலேமாவைத் தேசத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார். 2021 ஓகஸ்டில், ஆறாவது முயற்சியில், 59 வீத வாக்கோடு அதே லுங்குவைத் தோற்கடித்தார். லுங்கு தோல்வியை ஏற்று ஒதுங்கினார். துப்பாக்கி வெடிக்காமல் ஆட்சி மாறும் நாடு இது.

● அந்த வழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா. காந்தியைப் படித்தவர், தானும் ஒரு பள்ளி ஆசிரியர். 27 ஆண்டு ஆண்டார். இடையில் ஒரே கட்சி ஆட்சியாக்கி நாட்டின் வாயை அடைத்தார், அது அவர் செய்த பெரும் தவறு. ஆனாலும் 1991 தேர்தலில் தோற்றதும் பேசாமல் பதவியை விட்டிறங்கினார். அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அவருடைய பெற்றோர் மலாவியிலிருந்து வந்தவர்கள் என்று காட்டி 1999இல் ஒரு நீதிமன்றம் அவரை நாடற்றவர் என்றது. நாட்டைப் பெற்றெடுத்த மனிதருக்கே அந்த நாட்டில் பிரசாவுரிமை இல்லை! மேல்முறையீட்டில்தான் உரிமை திரும்பியது. 1948 சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்ட கதையை அறிந்தவர்களுக்கு இதன் வலி தெரியும். கவுண்டா 2021 யூன் 17ஆம் திகதி 97 வயதில் காலமானார்.

● 2020 நவம்பரில் சாம்பியா வெளிநாட்டுக் கடன் தவணையைக் கட்டமுடியாமல் வங்குரோத்து ஆனது, கொரோனாக் காலத்தில் ஆபிரிக்காவில் முதல் நாடு. ஒன்றரை ஆண்டு கழித்து இலங்கையும் அதே இடத்தில் வந்து நின்றது.

● பணத்தின் பெயர் குவாச்சா. பொருள், விடியல்.

● பொட்ஸ்வானாவுடன் சாம்பியாவுக்கு இருக்கும் எல்லை ஏறத்தாழ 150 மீற்றர்தான். அந்த இடுக்கில் 2021 மே மாதம் கசுங்குலா பாலம் திறந்தார்கள். பக்கத்திலுள்ள சிம்பாப்வேயின் எல்லைக்குள் கால் வைக்காமலிருக்கப் பாலத்தையே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். முன்பு லொறிகள் படகுக்காக நாட்கணக்கில் காத்துக் கிடந்த இடம்.

● கசங்கா காட்டில் ஆண்டுதோறும் ஒக்டோபர் தொடங்கி ஏறத்தாழ ஒரு கோடி பழந்தின்னி வௌவால்கள் வந்து கூடும். உலகில் பாலூட்டிகளின் மிகப்பெரிய இடப்பெயர்வு அது என்கிறார்கள்.

● கலம்போ அருவிக்குப் பக்கத்தில் மரத்தை வெட்டிப் பொருத்திய ஓர் அமைப்பைத் தோண்டி எடுத்தார்கள். வயது ஏறத்தாழ 476,000 ஆண்டு என்று 2023இல் வெளியிட்டார்கள். எங்கள் மனித இனம் பிறப்பதற்கு முன்னமே யாரோ தச்சுவேலை செய்திருக்கிறார்கள்.

மாஸ்டருக்கு இப்போது பல பெயர்கள் நினைவில் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் இருந்த வீதியை ஒரு கடுதாசியில் கீறிக் காட்டினார். உங்கள் வீட்டிலும் சாம்பியாவில் படிப்பித்த அப்பாவோ மாமியோ பெரியப்பாவோ இருந்தால் இந்த வார முடிவிலேயே பக்கத்தில் இருந்து கேளுங்கள்: எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஆண்டு, எவ்வளவு சம்பளம், என்ன சமைத்தீர்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பழைய படங்கள் இருந்தால் பின்பக்கத்தில் பெயரும் இடமும் குறித்து வையுங்கள்.