சத்தமில்லாத மறுகால்

ஹாலில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தொட்டியில் துளை போட்டு, வழியும் தண்ணீரைப் பிடித்து பம்ப் மூலம் மேலே திருப்பியனுப்பும் சம்ப் தொட்டியைக் கீழே வைத்துக் கொடுத்தார்களாம். ராத்திரி முழுக்கக் கொடகொடவென்று சத்தம். மாமனார் எழுந்து வந்து, "பாத்ரூம் குழாயை மூடும்மா" என்கிறாராம்.

சத்தம் போடுவது தண்ணீரல்ல, கூடவே இறங்கும் காற்று. என் பெரியப்பா பேரலிலிருந்து டீசல் இறக்குவார். டியூபை வாயால் உறிஞ்சி, நாக்கில் பட்டதும் துப்பிவிட்டுக் கேனுக்குள் விடுவார். மூச்சுக் காட்டாமல் இறங்கும். அதே கேனைக் கவிழ்த்து எஞ்சினுக்கு ஊற்றினால் மடக் மடக்கென்று குதிக்கும். உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற டீசலுக்கும் அங்கே ஒரே வாசல்.

உச்சியில் காற்றுத்துளை வைத்த டர்சோ குழாய் சத்தத்தைக் குறைக்கும். பம்ப் கொஞ்சம் பெரிதானால் மறுபடி புலம்பும். என்னைக் கேட்டால், 'பீன் அனிமல்' என்ற புனைபெயர்க்காரர் பரப்பிய மூன்று குழாய் முறைதான்.

முதல் குழாய் பெரியப்பாவின் டியூப். கேட் வால்வைத் திருகித் திருகி, காற்றே புகாதபடி நிறைத்து ஓடவிட வேண்டும். கால் சுற்றில் மூடிவிடும் பால் வால்வு இந்த நுணுக்கத்துக்கு ஆகாது. குழாயின் நுனி சம்ப் தண்ணீரில் ஒரு அங்குலம் மூழ்கினால் போதும். ஆழமாக இறக்கினால், கரண்ட் போய்வந்த பிறகு உள்ளே மாட்டிய காற்று வெளியேறத் திணறும்.

இரண்டாவது குழாயில்தான் எனக்கு மயக்கம். மிஞ்சும் கொஞ்சத் தண்ணீர் அதன் உட்சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். உச்சியிலிருந்து மெல்லிய காற்று டியூப் ஒன்று வளைந்து வந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வாய் திறந்து நிற்கும். நத்தை ஒன்று முதல் குழாயை அடைத்தால் மட்டம் ஏறி அந்த வாயை மூடும். காற்று நின்றதும் இந்தக் குழாயும் நிறைந்து முழுவேகத்தில் இழுக்கும். சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை. தண்ணீரே பார்த்துக்கொள்கிறது!

மூன்றாவது எப்போதும் காய்ந்தே நிற்கும். மற்ற இரண்டும் கைவிட்டால்தான் அதற்கு வேலை. அதில் வால்வு கூடாது. சத்தம் போட்டால் போடட்டும், அந்த நேரத்தில் அதுதான் அலாரம். செலவைக் குறைப்பவர்கள் முதலில் கைவைப்பதும் இதில்தான். எங்கள் ஊர்க் குளத்தில் உபரி நீர் வெளியேறும் மறுகாலுக்கும் அதே கதி. பல வருஷம் தண்ணீர் வராததால் வைக்கோல் போர் வைத்தார்கள், பிறகு மண்ணடித்தார்கள். ஒரு ஐப்பசி அடைமழையில் கரை உடைந்து, வயலெல்லாம் மணல் மேடாயிற்று.

வாசகிக்கு: குழாய்களை மாற்றியதும், ஒரு ஞாயிறு மதியம் முதல் வால்வை முழுசாக மூடிவிட்டு, இரண்டாவது குழாய் பிடிக்கிறதா என்று பாருங்கள். பக்கெட்டும் பழந்துணியும் பக்கத்தில் இருக்கட்டும். மாமனாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.