ஓட்டிப் பார்க்கும் முன் எழுதிப் பாருங்கள்

கணினி அறிவியல் பாடத்தில் பைனரி சர்ச் அளவுக்குச் சுலபமாகப் புரிகிற அல்காரிதம் அதிகம் இல்லை. ஏறுவரிசையில் அடுக்கிய எண்களில் ஒன்றைத் தேட வேண்டும். நடுவில் இருப்பதைப் பார்க்கிறோம். தேடும் எண் அதைவிடச் சிறியதென்றால் வலப்பாதி வேண்டாம். பெரியதென்றால் இடப்பாதி வேண்டாம். மிஞ்சியதில் மறுபடி நடு. பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் 20 முறை பார்த்தால் போதும். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் நடத்திவிடலாம், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் பென்ட்லி, வேலையில் இருக்கும் புரோகிராமர்களுக்கு வகுப்பெடுத்தபோது இதையே எழுதித் தரச் சொன்னார். அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 90 சதவீதம் பேர் எழுதியதில் பிழை இருந்தது என்று 1986-ல் வெளியான ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் சொல்கிறார். சரியானது என்று அவரே நிறுவிக் காட்டிய நிரலுக்கும் பின்னாளில் சோதனை வந்தது. ஜாவா மொழியின் பைனரி சர்ச்சை எழுதிய ஜோஷுவா பிளாக், அதில் பல ஆண்டுகளாக ஒரு பிழை பதுங்கியிருந்ததை 2006-ல் வெளியிட்டார். நடுவைக் கண்டுபிடிக்க இரு முனைகளின் வரிசை எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். அந்தக் கூட்டுத்தொகை சுமார் 214 கோடியைத் தாண்டினால் 32 பிட்டில் அடங்காது; மைனஸ் எண்ணாகி நிரல் படுத்துவிடும். பென்ட்லியின் நிரலிலும் அதே வரி.

பெரிய கைகளுக்கே இந்தக் கதி என்றால், வாசித்தபோது புரிந்தது என்பதை நம்பித் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ போகும் மாணவரின் நிலை என்ன?

வாசிப்பு எப்படி ஏமாற்றுகிறது என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் அளந்து காட்டினார்கள். ஓர் அறிவியல் பத்தியை ஒரு குழு நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்தது; மற்ற மூன்றிலும் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 83 சதவீதமும் எழுதியவர்கள் 71 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: படித்தவர்களிடம் 40, எழுதியவர்களிடம் 61. இதில் வேடிக்கை, “எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் படித்த குழுவினர்தான்.

நம் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து நிரலை மனப்பாடம் செய்யும் வழக்கம் இன்னும் சாகாததற்கு அந்த 83 சதவீதமே காரணம் என்று நினைக்கிறேன். காலையில் படித்து மதியம் லேப் தேர்வு எழுதினால் அது கைகொடுக்கத்தான் செய்கிறது. மூன்றாம் ஆண்டில் டேட்டா ஸ்ட்ரக்சர் கேட்கிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான ஆய்வுக் குழு 2001-ல் பல நாடுகளில் முதல் நிரலாக்கப் பாடம் முடித்த 216 மாணவர்களைச் சோதித்தது. சராசரி மதிப்பெண் 110-க்கு 23-ஐக்கூடத் தொடவில்லை. கணக்கைத் தீர்க்கும் திறன் போதவில்லை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் லிஸ்டருக்கு வேறு சந்தேகம் வந்தது: எழுதுவது இருக்கட்டும், எழுதி வைத்த நிரலை இவர்களால் வாசிக்க முடிகிறதா? 2004-ல் ஏழு நாடுகளில் சிறு சிறு நிரல் துண்டுகளைக் கொடுத்து, ஓட்டினால் என்ன விடை வரும் என்று கேட்டார்கள். அதிலேயே பலர் தடுமாறினார்கள். வேரியபிள்களின் மதிப்பை ரஃப் தாளில் வரிவரியாக எழுதிப் பார்த்தவர்கள் சரியான விடைக்கு அதிகம் வந்தார்கள். வெள்ளைத் தாளாகவே வைத்திருந்தவர்கள் அதிகம் தவறினார்கள்.

நம் மாணவர்கள் டிரை ரன் என்று சொல்வது இப்படி வரிவரியாக எழுதிப் பார்ப்பதைத்தான். ‘அ’ என்ற பெட்டியில் 5, ‘ஆ’ என்ற பெட்டியில் 7 இருக்கிறது. முதல் வரி: அ = ஆ. இரண்டாம் வரி: ஆ = அ. முடிவில் என்ன இருக்கும்? இடம் மாறிவிடும் என்பார் புதியவர். தாளில் இரண்டு கட்டம் போட்டுப் பாருங்கள். முதல் வரியில் ‘ஆ’-வின் 7 ‘அ’-வுக்குள் எழுதப்படுகிறது. அங்கிருந்த 5 அழிந்தே போகிறது. இரண்டாம் வரி 7-ஐயே மறுபடி 7 மேல் எழுதுகிறது. இரண்டு கட்டத்திலும் 7. இடம் மாற்ற மூன்றாவதாக ஒரு கட்டம் ஏன் வேண்டும் என்பதை இந்தத் தாளைக் கிறுக்கியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மனப்பாடம் செய்தவரோ ‘டெம்ப்’ என்று ஒரு வேரியபிளைப் போடுவார். வைவாவில் ஏன் என்று கேட்டால் விழிப்பார். லூப், ரிகர்ஷன், பாயின்டர் எல்லாவற்றுக்கும் இதே கட்டங்கள் போதும். ரிகர்ஷனுக்குக் கொஞ்சம் பெரிய தாள் வேண்டும், அவ்வளவே.

எனவே ரன் பட்டனை அழுத்தும் முன் விடையைத் தாளில் எழுதிவிடுங்கள். திரையில் வேறு விடை வந்தால் எரிச்சல் வேண்டாம். எந்த வரியில் உங்கள் கணக்கும் கணினியின் கணக்கும் பிரிந்தன என்று தேடுவதில்தான் அன்றைய பாடம் இருக்கிறது. ஓடிய நிரலை மூடிவைத்து, மறுநாள் வெற்றுத் தாளில் எழுதுங்கள். சில நாள் விட்டு இன்னொரு தடவை. இடைவெளி விட்டுப் படித்தால் நினைவு நிலைக்கும் என்பது உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-ல் நூலாக எழுதி வைத்த பழைய செய்தி.

பார்த்துப் படிக்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. சிட்னி ஆய்வாளர்கள் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் அல்ஜிப்ராவில் செய்த ஆய்வில், தாமே முட்டிமோதியவர்களைவிடத் தீர்த்துவைத்த கணக்குகளைப் படித்த புதியவர்கள் குறைந்த நேரத்தில் தேறினார்கள். புதிய தலைப்பின் முதல் வாரத்துக்கு இது பொருந்தும். அடுத்த படியாக, சரியான நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லும் பயிற்சி இருக்கிறது. பார்சன்ஸ், ஹேடன் என்ற இருவர் 2006-ல் அறிமுகம் செய்தது. ஹாஸ்டல் அறையில் நண்பர் ஒருவர் காகிதத்தை வெட்டிக் கொடுத்தால் முடிந்தது.

இப்போது எல்லோரும் கேட்பது சாட்ஜிபிடி பற்றி. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த கணக்குப் பாட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜிபிடி-4 துணையோடு பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 சதவீதம் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். தேர்வில் அதைப் பறித்துக்கொண்டதும் அதே இல்லாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றியமைத்த குழுவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கணக்குக்கு வந்தது கோடிங்குக்கு வராது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. நிரலை எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதில் எந்த வரியைச் சந்தேகப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் மதிப்பெண் இருக்கும் திசையில்தான் படிப்பார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லேப் தேர்வில் அச்சிட்ட பத்து வரி நிரல் ஒன்றைக் கொடுத்து, கணினியைத் தொடாமல் விடை எழுதச் சொல்லுங்கள். ரஃப் தாளையும் வாங்கித் திருத்துங்கள். கட்டம் போட்டதற்கு மதிப்பெண் கொடுங்கள்.