ரேடியோவை நிறுத்து, காப்பி வறுக்கிறேன்

தென்காசி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பச்சைக் காப்பிக்கொட்டை கால் கிலோ வாங்கி வந்தேன். வாணலியில் வறுத்தால் வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும்?"

நிமிடம் சொல்லலாம், 12 முதல் 15 வரை ஆகும். ஆனால் அது உங்கள் அடுப்பையும் வாணலியின் கனத்தையும் பொறுத்தது. காப்பியின் பதத்தைக் காதுதான் சொல்லும்.

எங்கள் பாட்டிக்குக் கண்புரை முற்றியிருந்த காலத்திலும் அவள்தான் வறுப்பாள். "ரேடியோவை நிறுத்துடா" என்று உள்ளிருந்து குரல் வந்தால், இரும்பு வாணலி அடுப்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆயிற்று.

பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு ஈரம். சூடேற ஏற முதலில் புல் வாசம், பிறகு வைக்கோல், அதன்பின் சுட்ட ரொட்டி. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். உள்ளே நீர் ஆவியாகிறது. கல்போன்ற கொட்டைக்குள்ளிருந்து அது வெளியேற வழியில்லை. சுமார் 196 டிகிரி செல்சியஸில் அழுத்தம் தாங்காமல் கொட்டை வெடிக்கிறது. பட்... பட்... விரலில் சொடக்கு எடுப்பதுபோல, இடைவெளி விட்டு. இது முதல் வெடிப்பு. கொட்டை உப்பும், வெள்ளித்தோல் உமியாகப் பறக்கும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த விந்தை. அதுவரை சூட்டை வாங்கிக்கொண்டிருந்த கொட்டை, இனித் தானே சூட்டை வெளியிடத் தொடங்கும். தீயைக் குறைக்காவிட்டால் அது நம் கையை மீறி ஓடும். சற்று அமைதி. பிறகு 224 டிகிரி வாக்கில் இன்னொரு சத்தம்: சிட்சிட்சிட் என்று சீரகம் பொரிவதுபோல, மெல்லியதாக, நெருக்கமாக. இப்போது வெடிப்பது ஆவியால் அல்ல. உள்ளே சேர்ந்த கரியமில வாயுவால், நொறுங்கத் தயாராகிவிட்ட சுவர் உடைகிறது. எண்ணெய் மேலே கசியும். இந்த இரண்டு சத்தங்களுக்கு நடுவில் இருக்கிறது காப்பியின் பதம். அதிரசப் பாகு மாதிரிதான், அரை நிமிடம் அசந்தால் போயிற்று.

அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. தன் சூட்டிலேயே கொட்டை வெந்துகொண்டிருக்கும். உடனே முறத்தில் கொட்டிப் புடைத்து ஆற்றுங்கள், உமியும் போய்விடும். அரைக்க மறுநாள்வரை பொறுங்கள். வாயு கொஞ்சம் வெளியேற வேண்டும். 200 கிராம் போட்டால் 170 கிராம் அளவில்தான் திரும்பி வரும். இது தெரியாமல் எடை குறைத்துவிட்டதாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன் நான்.

வாசகிக்கு இன்னொன்று. அடுத்த முறை பீபரி வாங்குங்கள். பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றை விதையாக வளர்வதால் அது உருண்டை. கிளறினால் நன்றாக உருளும். தட்டைக் கொட்டை ஒரே பக்கமாகப் படுத்துக் கருகும். தீ மிதமாக, கரண்டி ஓயாமல்.

கருக வறுப்பதே திடம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. கருகிய பிறகு சேர்வராயன் மலைக் கொட்டையும் தாண்டிக்குடிக் கொட்டையும் ஒன்றுதான். அதன்மேல் சிக்கரி வேறு. சிக்கரி ஒரு வேர். அதில் காப்பியும் இல்லை, காபீனும் இல்லை. சட்டம் அதை 49 சதவீதம்வரை அனுமதிக்கிறது. பொட்டலத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள். சிக்கரி குடிப்பது தவறில்லை, பாதித் தம்ளர் வேரைக் குடித்துவிட்டு டிகாஷன் பெருமை பேசுவதுதான் உறுத்துகிறது. நம் மலையில் விளைந்ததன் ருசி, மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கே தெரியாமல் போயிற்று.

புகை வரும்; ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறை மின்விசிறியை மட்டும் முதல் வெடிப்பு கேட்கும்வரை போடாதீர்கள். அதன் இரைச்சலில் கொட்டை சொல்வது காதில் விழாது.