குதிரையேற்றத் தலைக்கவசமும் அதனை மாற்றுங் காலமும்

உடலுறுப்புக்களுள் தலையே தலையாயது என்பது வெற்றுரையன்று. முறிந்த கை மீண்டும் பொருந்தும். பெரிதுஞ் சிதைந்த மூளை முன்னைய நிலையை எய்துதல் அரிது. இதனாலேயே குதிரையேறுவோர் தலைக்கவசம் அணிகின்றனர். ஆயினும், அணிந்த கவசம் எப்பொழுது காக்கும் வலியை இழக்கின்றது என்பதை ஆராய்வோர் சிலரே.

இலங்கையிலே குதிரையேற்றம் இன்று நுவரெலியாப் பந்தயத்திடல், பொலிசுக் குதிரைப் பிரிவு முதலிய சில இடங்களிலேயே காணப்படும். நெடுந்தீவுக் குதிரைகளோ ஏறுவாரின்றித் தாமே திரிகின்றன. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற ஊர்களிலே தலைக்கவசம் என்றவுடன் நினைவுக்கு வருவது மோட்டார்ச் சைக்கிளோட்டியின் கவசமேயாம். இவ்விரு கவசங்களுஞ் சோதிக்கப்படும் முறை வேறாதலின் ஒன்றற்கு மற்றொன்று ஈடாகாது. எனினும், அவை தலையைக் காக்கும் தத்துவம் ஒன்றே. மாற்றவேண்டிய காலத்தை உணர்த்தும் அறிகுறிகளும் பெரும்பாலும் ஒன்றே.

பண்டை வீரனின் இரும்புக் கவசம் உடையாமையாற் காத்தது. நெளிந்தவிடத்துக் கொல்லன் அதனைத் தட்டி நிமிர்த்தினான். இக்காலக் கவசமோ தான் சிதைவதனாலேயே தலையைக் காக்கின்றது. அதன் வன்மையான மேலோட்டின் உள்ளே பொலிஸ்ரைரீன் நுரையாலான படையொன்று உண்டு. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த அப்படை, தாக்குண்டபோது நசுங்கி மோதலின் ஆற்றலை ஏற்றுக்கொள்கின்றது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். குதிரைமேல் இருப்பவரின் தலை நிலத்தினின்று 2.5 மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். அங்கிருந்து விழுந்தால் அது மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்துடன் நிலத்தை அடையும். அவ்வேகம் 5 மில்லிமீற்றர் தூரத்துள் அடங்குமாயின், தலை தாங்கும் அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 500 மடங்காகும். நுரை நசுங்கி 20 மில்லிமீற்றர் இடங்கொடுப்பின் அது 125 மடங்காகக் குறையும். உயிருக்குஞ் சாவுக்கும் இடையே நிற்பது அச்சிறு இடைவெளியே. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்கு மீளாது. அடுத்த வீழ்ச்சியில் அவ்விடங் கொடுப்பதற்கு அதனிடம் எஞ்சியது சிறிதே.

இவ்வறிவு எளிதில் வந்ததன்று. 1935 ஆம் ஆண்டு மோட்டார்ச் சைக்கிள் விபத்திற் காயமுற்று இறந்த ரி. ஈ. லோறன்சுக்குச் சிகிச்சையளித்தோருள் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திர வைத்தியர். அவர் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் வெளியிட்ட கட்டுரை, கவசத்தின் பயனை எடுத்துக்காட்டியது. அவ்வாண்டிலேயே பிரித்தானியப் படையின் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளுக்குக் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1956 இல் வில்லியம் ஸ்னெல் என்னும் காரோட்டி பந்தயத்திலே தலைக்காயத்தால் இறந்தபின், 1957 இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட நிறுவனம் கவசங்களைச் சோதிக்கும் பணியை மேற்கொண்டது.

இனி, கவசத்தை மாற்றவேண்டிய காலத்தை அறியுமாற்றை நோக்குவோம். முதலாவது, தலையிலிருக்கும்போது வன்மையாக மோதுண்ட கவசத்தை, வெளியே கீறலுமின்றித் தோன்றினும், உடனே நீக்குக. மேலோடு மீண்டு நிமிர்ந்து, உள்ளே நசுங்கிய நுரையை மறைத்துவிடக்கூடும். வெறுங் கவசம் கையினின்று தாழ விழுவது தலையின் பாரத்தோடு விழுவதற்கு ஒப்பாகாது. எனினும் உயரத்தினின்று சீமந்துத் தரையில் விழுந்ததாயின் ஐயத்திற்குரியதே.

இரண்டாவது, காலம். வியர்வை, தலையெண்ணெய், வெயில் ஆகியன பசையையும் பட்டியையும் நாளடைவில் நலிவிக்கும். ஆதலின், மோதலேதும் நேராவிடினும், பயன்படுத்தத் தொடங்கி ஐந்தாண்டுகளில் மாற்றுதல் நன்று என ஸ்னெல் நிறுவனம் அறிவுறுத்துகின்றது. உற்பத்தித் திகதியைக் கவசத்தின் உட்புறத்தே காணலாம்.

மூன்றாவது, கண்ணாலுங் கையாலும் ஆராய்தல். உட்டுணியை அகற்றி நுரையில் வெடிப்போ, பள்ளமோ, மேலோட்டினின்று பிரிவோ உண்டாவெனப் பார்த்தல் வேண்டும். பட்டி நைந்திருப்பினும், பூட்டு நெகிழ்ந்திருப்பினும், தலையை அசைக்கும்போது கவசம் தனியே ஆடினும் அது தகுதியற்றது. பெற்றோல், தின்னர், வர்ணப்பூச்சு ஆகியன நுரையைக் கரைக்கவல்லன. மோட்டார்ச் சைக்கிளின் கண்ணாடியிற் கவசத்தைக் கவிழ்த்துத் தொங்கவிடும் வழக்கமும் நுரையை அழுத்திப் பள்ளமாக்கும்.

பிறர் பாவித்த கவசத்தை மலிவென வாங்குதல் பெருந் தவறு; அது எத்தனை முறை விழுந்தது என்பதை வாங்குவோர் அறியார். வீட்டிலே பழுதுற்ற கவசத்தைப் பின்னிருக்கும் பிள்ளைக்கு அணிவிப்பதோ அதனினும் பெருந் தவறு. நீக்கிய கவசத்தின் பட்டிகளை அறுத்தே எறிதல் வேண்டும். அன்றேல், அறியாதார் எவரேனும் அதனை எடுத்து அணிவர்.

கவசம் தன் கடமையை ஒருமுறையே முற்றாகச் செய்யும். அக்கடமை முடிந்தபின் அதனைத் தலையில் வைத்திருப்பது காப்பன்று. காப்பென்னும் எண்ணம் மட்டுமே. அவ்வெண்ணம் துணிவைத் தரும்; விழும்போது தலையைத் தாங்காது.